எந்தத் தோட்டம்?
கோல லங்காட் வட்டாரத் தமிழரின் வறுமை: காரணங்களும் விளைவுகளும்

பந்திங் கடைத்தெருவில் முன்பின் அறியாத இரு தமிழர் பேசத் தொடங்கினால், அண்மைக் காலம் வரை அவர்களிடையே எழுந்த முதற்கேள்வி ‘எந்தத் தோட்டம்?’ என்பதே. தமிழகத்தார் ‘எந்த ஊர்?’ என்று கேட்குமிடத்தில் நம்மவர் இதனைக் கேட்டனர். ஜுக்ரா, புரூக்லண்ட்ஸ், சுங்கை சீடு, கேரித் தீவு என்று விடை வரும். அவ்விடை ஒன்றைக் கொண்டே எதிரே நிற்பவரின் கோயில், பள்ளி, உறவினர், தொழில் ஆகிய அனைத்தையும் கேட்டவர் ஓரளவு ஊகித்துக்கொள்வார்.

மொழியை ஆராய்வோர்க்கு இக்கேள்வி ஒரு வரலாற்று ஆவணம். ‘தோட்டம்’ என்னும் சொல் தமிழகத்தில் வீட்டைச் சார்ந்த நிலத்தைக் குறிப்பது. வீட்டின் பின்புறம் வாழையும் முருங்கையும் கத்திரியும் வளரும் இடம் அது. அங்கே வீடு முதன்மை. தோட்டம் வீட்டின் உடைமை. மலாயாவுக்கு வந்தபின் இந்த உறவு தலைகீழாயிற்று. இங்கே வீடு தோட்டத்துக்குள் அடங்கியது, தோட்டத்தின் உடைமையாயிற்று. வீடு மட்டுமன்று. வேலை, பள்ளி, மருந்தகம், கடை, கோயில், குடிநீர் எல்லாமே தோட்டத்துக்குள் அடங்கின. ஒருவரின் ஊர்ப்பெயரும் தோட்டத்தின் பெயராகவே ஆயிற்று.

கோல லங்காட் வட்டாரத் தமிழரின் வறுமைக்குக் கூலிக் குறைவு ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம், வாழ்வுக்கு வேண்டிய அனைத்தும் ஒரே கையில் இருந்தமை. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பள்ளி போகும், பள்ளி போனால் அடுத்த தலைமுறையின் வாய்ப்பும் போகும் என்னும் நிலையே இவ்வறுமையைத் தலைமுறைகளுக்கு நீட்டித்தது. இவ்வுரை நிறுவ முயல்வது இந்த ஒன்றையே.

‘வறுமை’ என்ற சொல்லும் இவ்வாராய்ச்சிக்குத் துணை செய்கிறது. வறம், வறள், வறட்சி, வறுமை ஆகியன ஒரு குடும்பச் சொற்கள். நீரற்றுப்போதலே அவற்றின் அடிப்படைப் பொருள். ஆறு வறண்டு கிடந்தால் அறிவுடையோர் ஆற்றைக் குறை கூறார். மேலே எங்கே அடைபட்டது என்று சென்று காண்பர். நாமும் அவ்வழியே செல்வோம்.

1. காடு தோட்டமான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளான், கோல லங்காட் பகுதிகளில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் காப்பி பயிரிட்டனர். காப்பி விலை வீழ்ந்தபின் அவர்கள் ரப்பருக்கு மாறினர். கடலோரச் சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி, கரை கட்டி, காட்டை அழித்துத் தோட்டங்கள் அமைந்தன. பந்திங்கை அடுத்த கேரித் தீவு இ. வி. கேரி என்னும் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மா மெரிப் பழங்குடியினர் வாழ்ந்துவரும் அத்தீவில் உலகச் சந்தைக்கான பெருந்தோட்டம் எழுந்தது. 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், ரப்பர் வெளியேறும் வாயிலாகவும் தமிழர் உள்நுழையும் வாயிலாகவும் அமைந்தது.

அன்று கூலிக் குறைவுக்கு முன்னதாகவே உயிரைப் பறித்தது மலேரியா. 1901 முதல் கிள்ளானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய மால்கம் வாட்சன், சதுப்பை வடித்தால் காய்ச்சல் குறையும் என்பதைக் கிள்ளானிலும் துறைமுகத்திலும் செய்து காட்டினார். பின்னர்த் தோட்டங்களிலும் அவர் ஆய்வுகள் தொடர்ந்தன. காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாதவனுக்கு உணவு குறைவு. உணவு குறைந்தவனைக் காய்ச்சல் மீண்டும் பற்றும். வறுமையின் காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்தும் இவ்வட்டம் நம் வட்டாரத்தில் முதலில் உடலிலேயே தொடங்கிற்று.

தோட்டத்துச் சொற்கள் சிலவற்றை இங்கே எண்ணிப் பார்ப்பது தகும். முதலில் வந்தோர் ஒப்பந்தத்தால் கட்டுண்டவர்கள். அவர்களைச் ‘சஞ்சிக்கூலிகள்’ என்றனர். ‘சஞ்சி’ என்பது வாக்குறுதியைக் குறிக்கும் ‘ஜாஞ்சி’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு என்பர். பிஜித் தீவுக்குச் சென்ற இந்தியர் இதே ஒப்பந்தத்தைக் ‘கிர்மித்’ என்றனர். அது ஆங்கில ‘அக்ரிமெண்ட்’ என்பதன் திரிபு. இரு நாடுகளிலும் உழைப்பாளியின் பெயராகவே அவன் கைநாட்டு வைத்த தாள் ஆயிற்று. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தைக் கங்காணி முறை நிரப்பியது. ‘கண்காணி’ என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் மேற்பார்வையாளரைக் குறித்த மதிப்புடைய சொல். இங்கே அது ‘கங்காணி’யாகி, தன் ஊருக்கே சென்று உறவினரையும் அண்டை வீட்டாரையும் ஆள்சேர்த்து வருபவரைக் குறித்தது. நாகப்பட்டினத்திலும் சென்னை ஆவடியிலும் இருந்த முகாம்களின் வழியே அவர்கள் கப்பலேறினர்.

விடியுமுன் பெயர் கூப்பிடும் கூட்டம் ‘பெரட்டு’. அது படைவீரரின் ‘பரேடு’. வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பு ‘லயம்’. அது ஆங்கில ‘லைன்’. எழுத்தர் ‘கிராணி’, ரப்பர் ‘கித்தா’ ஆகியன மலாய் வழி வந்தவை. தோட்டத்துத் தமிழன் தன் நாளைத் தொடங்கிய சொல்லும், உறங்கிய இடத்தின் சொல்லும், உழைத்த பொருளின் சொல்லும் அவன் மொழியில் பிறக்கவில்லை. அவ்வாழ்வின் அமைப்பை வகுத்தவர் வேறொருவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

‘கூலி’ என்ற சொல்லின் கதை இன்னும் துயரமானது. வள்ளுவர் இச்சொல்லை முயற்சியின் பயன் என்ற உயர்ந்த பொருளில் ஆண்டார். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ தமிழிலிருந்து சென்றது என்பார் பலர். குஜராத்தின் கோலி இனப்பெயரோடு இணைப்பாரும் உளர். பிறப்பிடம் எதுவாயினும், உழைப்புக்குத் தரப்படும் பொருளின் பெயர் உழைக்கும் மனிதனின் பெயராயிற்று. மனிதனையும் அவன் விலையையும் ஒரே சொல் குறித்தது.

2. விலையோடு ஏறாத கூலி, விலையோடு இறங்கிய கூலி

1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் இந்தியத் தொழிலாளர்க்கான தரக்கூலி வரையறுக்கப்பட்டது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. ஒரே மரத்தை ஒரே கத்தியால் வெட்டிய பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குடும்பம் பிழைத்திருக்கத் தேவையானது எவ்வளவு என்ற கணக்கே தரக்கூலியின் அடிப்படை. சேமிப்புக்கோ பிள்ளையின் மேற்படிப்புக்கோ அக்கணக்கில் இடமில்லை.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியபோது, தரக்கூலி 40 காசு, 32 காசு என இறங்கிற்று. பின்னர்ப் பல தோட்டங்களில் 30 காசுக்கும் கீழே சென்றது. பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டத்தில் வேலை இல்லையேல் தங்குவதற்கும் இடமில்லை என்பதை ஒரு சமூகம் முழுமையும் முதன்முறையாக உணர்ந்த காலம் அது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழைய 50, 40 காசுக் கூலியை மீண்டும் வழங்கப் பரிந்துரைத்தார். அது வழங்கப்பட்டது; ஆயினும் 1938இல் 45, 36 காசாக மீண்டும் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் இந்திய அரசு உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது.

இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விலை ஏறியபோது கிடைத்த ஊதியம் பங்குதாரரிடம் தங்கிற்று. விலை இறங்கியபோது நேர்ந்த இழப்பு லயத்து அடுப்பில் இறங்கிற்று. நாட்கூலியில் மழையும் சேர்ந்துகொண்டது. மழை பெய்தால் பால் வெட்ட இயலாது. வெட்டாத நாளுக்குக் கூலியும் குறையும். ஆண்டின் இறுதி மாதங்களில் மேகத்தைப் பார்த்து அரிசி அளந்த வீடுகள் எத்தனையோ.

சட்டப்படி, முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தொழிலாளி வேலையை விட்டுச் செல்லலாம். ஆனால் வேலையை விடுவது வீட்டை விடுவதாகும். இந்த உரிமை தாளில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் வலிமை தொழிலாளியின் கையில் இல்லை.

3. சோம்பலா, குடியா?

ஏழையின் வறுமைக்கு ஏழையே காரணம் என்பது பழைய வழக்கு. தோட்டத் தமிழர் குடிப்பவர், சேமிக்கத் தெரியாதவர், முன்னேற விரும்பாதவர் என்ற பேச்சை நம் சமூகத்துப் படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். சையட் உசேன் அலாதாஸ் 1977இல் வெளியிட்ட நூலில், ‘சோம்பேறி மலாய்க்காரர்’ என்ற கருத்து குடியேற்ற ஆட்சிக்குப் பயன்பட்ட ஒரு புனைவு என்பதை விரிவாகக் காட்டினார். தோட்டத்துக்கு வந்து கட்டுப்பட மறுத்தவன் சோம்பேறி என்றும், வந்து கட்டுப்பட்டவன் உழைக்க மட்டும் தகுந்தவன் என்றும் ஆட்சியாளர் பெயரிட்டனர். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

குடியைப் பொறுத்தவரை உண்மையை மறைக்க வேண்டுவதில்லை. கள்ளும் பின்னாளில் சம்சுவும் பல குடும்பங்களை அழித்தன. ஆனால் கள்ளுக்கடை உரிமத்தோடு தோட்டத்துக்குள்ளேயே திறந்திருந்தது. அதை மூடுமாறு கேட்டவர்கள் யாவர்? 1941ஆம் ஆண்டின் வரலாறு விடை தருகிறது.

அவ்வாண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் மாவட்டத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தங்களைக் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னின்று நடத்தியது. ஆர். எச். நாதன் அதன் முன்னணித் தலைவர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி முதன்மையானது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தகுந்த மருத்துவம், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை, பேச்சுரிமை ஆகியனவும் இருந்தன. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. மேலாளரையோ தோட்டத்து அலுவலரையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது மற்றொன்று.

மிதிவண்டி பற்றிய கோரிக்கையை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். 50 காசுக் கூலிக்காரன் கூலி உயர்வோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தலைநிமிர்ந்து சாலையில் செல்லும் உரிமையையும் கேட்டான். வறுமை வயிற்றை மட்டும் தொடுவதன்று என்பதை அவன் அறிந்திருந்தான். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் மேலும் பரவியது. படை அழைக்கப்பட்டது, சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். முன்னேற விரும்பாத மக்கள் இவ்வாறு போராடுவதில்லை.

4. போருக்குப் பின்

அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் நுழைந்தனர். ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் அருகின. வேலையற்றுக் கிடந்த தோட்டத் தமிழர்களைச் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்வது எளிதாயிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அங்கே நோயாலும் பசியாலும் மாண்டனர். குடும்பத்தின் உழைப்பாளியை இழந்த வீடுகள் போருக்குப் பின்னும் எழவில்லை.

போருக்குப் பிந்தைய தொழிற்சங்க எழுச்சியும் நீடிக்கவில்லை. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1954இல் பி. பி. நாராயணன் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாகிப் பேச்சுவார்த்தை வழியில் ஊதிய ஒப்பந்தங்களைப் பெற்றுத் தந்தது.

விடுதலைக் காலத்தை ஒட்டி மற்றோர் இடி விழுந்தது. அயல்நாட்டு உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். ‘துண்டாடல்’ என்ற சொல் அக்காலத் தமிழ் நாளேடுகளில் அச்சத்தோடு வழங்கிற்று. உங்கு அசிஸ் தலைமையில் நடந்த ஆய்வு இத்துண்டாடலின் தீமைகளை ஆராய்ந்து வெளிப்படுத்தியது. நிலம் துண்டானபோது வேலை போயிற்று. வேலையோடு லயமும் பள்ளியும் போயின. இதற்கு மறுமொழியாகத் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் சிறு தொகைகளைத் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். கெடாவின் புக்கிட் சிடிம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். நாம் இங்கே காட்டிவரும் நோய்க்கு நேரான மருந்தாக அம்முயற்சி அமைந்தது. கூலி உயர்வைக் கேட்பதோடு நில்லாமல், தோட்டம் என்னும் உடைமையிலேயே தொழிலாளிக்குப் பங்கு தேடியது அது.

ஆயினும் பெரும்பாலோர் கூலித் தொழிலாளராகவே தொடர்ந்தனர். குடியுரிமைத் தாள்களைப் பெறாதோரும் பலர். 1969இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டிலேயே வாழ்நாளைக் கழித்தோர் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு வேலையிழந்தனர். பல்லாயிரவர் கப்பலேறி இந்தியா திரும்பினர். ஒரு தாள் இல்லாமையே வறுமையின் காரணமாகும் என்பதை அக்காலம் கற்பித்தது.

5. ஒரே மொழி, இரு வழிகள்

இவ்விடத்தில் பந்திங்கை விட்டுச் சற்றே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குச் செல்வோம். செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற அப்பகுதி, இரயில்வேப் பணியாளரின் குடியிருப்பாக வளர்ந்தது. அங்கே குடியேறியோரில் யாழ்ப்பாணத் தமிழர் குறிப்பிடத்தக்கோர். யாழ்ப்பாணத்தின் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்த அவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தனர். 1904இல் அவர்கள் தொடங்கிய விவேகானந்த ஆசிரமம் இன்றும் அப்பகுதியின் அடையாளம். அவர்களின் பிள்ளைகளிலிருந்து மருத்துவரும் வழக்கறிஞரும் எழுந்தனர். அதே இடத்தில் தண்டவாளம் போட்ட தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அவ்வாறான ஏற்றம் எளிதில் கிட்டவில்லை.

பேசிய மொழி ஒன்று. வணங்கிய தெய்வங்களும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு, ஏணி இருந்ததும் இல்லாததும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி வந்தது. ஆனால் பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியரானார். சில வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. அதற்கு மேலே தமிழில் இடைநிலைப் பள்ளி இல்லை; ஆங்கிலப் பள்ளியோ நகரத்தில் இருந்தது. தோட்டப் பள்ளி முதற்படியை மட்டும் வைத்த ஏணி. அதில் ஏறிய பிள்ளை மீண்டும் கித்தாக் காட்டிலேயே இறங்கிற்று. விடுதலைக்குப் பின் தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி முறையில் சேர்ந்தது. இடைநிலைக்குச் செல்லும் பிள்ளைக்குப் புதுமுக வகுப்பு என்னும் ஓராண்டுப் பாலம் அமைந்தது. அந்த ஆண்டிலேயே பள்ளியை விட்டவர்களின் கதையை இங்குள்ள மூத்த ஆசிரியர்கள் நன்கறிவர்.

இவ்வேறுபாட்டைக் குலப்பெருமையாகவோ குலக்குறையாகவோ பேசுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஏணியின் படிகளை எண்ணினாலே விடை கிடைக்கும்.

6. தோட்டம் போனபின்

எழுபதுகள் முதல் ரப்பர் குறைந்து செம்பனை பரவிற்று. செம்பனைக்கு அதே பரப்பில் குறைந்த ஆட்களே போதும். எண்பதுகள் முதல் அயல்நாட்டுத் தொழிலாளர் வரவு கூடியது. கூலியைப் பேசி உயர்த்தும் வலிமை நம்மவரிடம் மேலும் குறைந்தது. பின்னர் நகரம் தோட்டத்தைத் தேடி வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலைகளும் எழுந்தன. நமக்கு அண்மையிலுள்ள பிராங் பெசார் தோட்டமும் அதனை அடுத்த தோட்டங்களும் புத்ராஜெயா ஆயின. நாட்டின் நிருவாகத் தலைநகர் எழுந்த மண்ணில் தலைமுறைகளாகப் பால் வெட்டியோர் டிங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர்.

நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது அதன் பயன் நிலவுடைமையாளரைச் சேர்ந்தது. அந்நிலத்தில் அறுபது, எழுபது ஆண்டுகள் வாழ்ந்தும் ஓரடி மண்ணும் தம் பெயரில் இல்லாதோர்க்கு இழப்பீடே கிட்டியது. ஊழியர் சேமநிதி 1951 முதல் இருந்தபோதிலும், குறைந்த கூலியிலிருந்து சேர்ந்த சேமிப்பு ஒரு வீட்டை வாங்கப் போதவில்லை. பலர் நகரத்தின் புறம்போக்கு நிலங்களில் குடிசையிட்டனர். பின் அங்கிருந்தும் அகற்றப்பட்டு மலிவு விலை அடுக்குமாடிகளில் நெருங்கினர். தோட்டத்தில் ஏழ்மை இருந்தது. கூடவே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும், கடன் தரும் கடையும், திருவிழாவுக்குக் கூடும் கோயிலும் இருந்தன. நகரத்தில் ஏழ்மை தொடர்ந்தது. அதைத் தாங்கிய கைகள் கலைந்தன. இளைஞர் சிலர் வன்முறைக் கும்பல்களை நாடியதற்கும், 2001 மார்ச்சில் கம்போங் மேடான் போன்ற நெரிசல் மிகுந்த ஏழ்மைப் பகுதியில் உயிர்ப்பலி கொண்ட கலவரம் வெடித்ததற்கும் பின்னணியில் இக்கலைவு உண்டு.

தாள் இல்லாத துயரமும் தொடர்ந்தது. பிறப்பைப் பதியாத பிள்ளை பள்ளியில் சேர இயலாமலும், பின்னர் முறையான வேலை பெற இயலாமலும் தவித்தது. இத்தகையோரைப் பதிவு செய்ய 2011இல் ‘மைடஃப்தார்’ என்ற இயக்கமே தேவைப்பட்டது. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. இது பெரும் முன்னேற்றம். ஆனால் தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு நீங்கிய பின்னரே அது வந்தது.

7. எதைக்கொண்டு அளப்பது?

வறுமையை அளக்கும் கோலும் வரலாற்றுக்கு உட்பட்டது. உங்கு அசிஸ் ஒரு காலத்தில் வீட்டில் எத்தனை சாரோங் உள்ளது என்று எண்ணி ஏழ்மையை அளக்கலாம் என்றார். எளிய அளவுகோல்; ஆனால் வீட்டுக்குள் சென்று பார்த்தவரின் அளவுகோல். 1970ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏழைகள் என அரசு கணித்தது. மலாய்க்காரரிடையே இது 65 விழுக்காட்டை ஒட்டியும், இந்தியரிடையே 39 விழுக்காட்டை ஒட்டியும் இருந்தது. கிராமத்து மலாய் உழவரின் துயரம் நம்மதினும் பரந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அதே வேளையில், இந்தியர் என்ற ஒரு தொகையில் பிரிக்பீல்ட்ஸ் மருத்துவரும் கேரித் தீவுப் பால்வெட்டுத் தொழிலாளியும் ஒன்றாக எண்ணப்பட்டனர். சராசரி இருவரையும் சரியாகக் காட்டவில்லை.

2020இல் அரசு வறுமைக்கோட்டுக்கான மாத வருமானத்தை 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாகத் திருத்தியது. முன்னர் 2016ஆம் ஆண்டுக்கு 0.4 விழுக்காடு என்று சொல்லப்பட்ட நாட்டில், புதிய கோட்டின்படி 2019இல் 5.6 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏழைகள் எனத் தெரிந்தது. இடையில் அத்தனை குடும்பங்கள் திடீரென வறுமையில் வீழவில்லை. அவர்கள் முன்பே அங்கே இருந்தனர். கோடு அவர்களுக்குக் கீழே வரையப்பட்டிருந்தது.

8. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துச் செல்லத்தக்கவை சில உள. ஒரு மாணவரின் வீட்டு நிலையை அறிய விரும்பும் ஆசிரியர், வருமானத்தோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். வீடு யாருடையது? தாயும் தந்தையும் பிள்ளையும் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் உடையவர்களா? இப்பள்ளிக்குப் பின் அப்பிள்ளை ஏறவேண்டிய அடுத்த படி எது, அதைக் காட்டுவார் யார்? வேலை, வீடு, தாள், பள்ளி ஆகிய நான்கும் வெவ்வேறு கைகளில் உறுதியாக நின்றால், ஒன்று சரிந்தாலும் குடும்பம் நிற்கும். நான்கும் ஒரே கையில் இருந்ததே நம் முன்னோர் வீழ்ந்த முறை.

‘தோட்டத்துப் பேச்சு’, ‘தோட்டத்துப் பழக்கம்’ என்று இழித்துரைக்கும் வழக்கம் வகுப்பறையில் வேண்டா. பெரட்டு, லயம், கித்தா, மங்கு என்று பேசிய பாட்டியின் தமிழ் பிழைபட்ட தமிழன்று. ஒரு தொழிலின் வரலாற்றைச் சுமந்த தமிழ். அச்சொற்களை மாணவர்கள் கேட்டுத் தொகுக்கவேண்டும். சொல்லோடு தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அங்கிருந்த பள்ளி, அது மூடப்பட்ட ஆண்டு ஆகியவற்றையும் எழுதி வைக்கவேண்டும். விடுதலையின்போது எண்ணூற்றுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமே. மறைந்தவற்றுள் பல தோட்டங்களோடு மறைந்தன. பெயர்களும் மறையத் தொடங்கிவிட்டன.

மற்றொன்றும் உண்டு. இன்று கேரித் தீவின் செம்பனைக் காட்டிலும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளிலும் உழைப்போரில் பலர் வங்காளதேசத்தினர், நேப்பாளத்தினர், இந்தோனேசியர். அவர்களின் வேலை, தங்குமிடம், நாட்டில் இருக்கும் உரிமை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே முதலாளியைச் சார்ந்தவை. தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கு அப்பாலும் பிற துறைகளுக்கு விரிந்தது நன்று. எனினும் நம் பாட்டனார் கைநாட்டு வைத்த அதே தாளில் இன்று வேறொருவர் கையெழுத்திடுகிறார். அவரைக் காணும்போது இவ்வட்டாரத் தமிழ் மாணவர்க்கு அந்த வரலாறு நினைவுக்கு வருமானால், கடையிலும் சாலையிலும் அவரை மரியாதையோடு ‘அண்ணே’ என்று அழைக்கும் நா தானே வரும். நம் முன்னோர் 1941இல் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்துக் கேட்ட மதிப்பு, அவருக்கும் உரியது.